கிட்டார் ஆன்டோவின் வண்டிப் பாட்டுகள்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச்சுக்கு நடுவே ரயில் வந்தால் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிடுவார்கள். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பார்கள். சண்டைக்கும் இதே சட்டம்தான். ஒரு வசவின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே ஒரு முழு அரக்கோணம் லோக்கல் ஓடியிருக்கிறது. அதற்குள் கோபம் ஆறிச் சிரித்துவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட தெருவில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் ராக் பாட்டு ரெக்கார்டிங் செய்கிறேன் என்று கிளம்பினால் என்ன சொல்வோம்? தெருவும் அதைத்தான் சொன்னது, அவன் காதுபடவே சொன்னது. ஆன்டோ சிரித்துக்கொண்டே கிட்டாரை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

ஆன்டோவின் அப்பா தேவாலயத்தில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, விளக்கு அணைப்பது அவர் வேலை. அப்பா பெஞ்சு துடைக்கும் நேரத்தில் பாடகர் குழுவின் பழைய கிட்டாரைத் தடவித் தடவிக் கற்றுக்கொண்ட பிள்ளை, வாலிப வயதில் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் கம்பியை இழுத்து ஊளையிட வைத்தான். ஆயர் கையிலிருந்த பிரசங்கக் குறிப்பு கீழே விழுந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவனுக்கு மைக் எட்டாத மூலையில் இடம். அந்த மூலையை இரண்டாவது வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாட்டைக் கோட்டைவிட்ட பெண்தான் அருள்செல்வி. பிற்பாடு அதே தேவாலயத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது.

பகலில் ஆன்டோவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. விசேஷம் இருந்தால் சாயங்காலம் வேம்புலி அண்ணனின் ஆர்கெஸ்ட்ரா. ஆடி மாதம் வந்துவிட்டால் மேனாம்பேட்டில் ஆரம்பித்துப் பூந்தமல்லி வரைக்கும் ஒரு அம்மன் கோயில் பாக்கி இருக்காது. கோயில்பிள்ளை மகன் அம்மன் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்க, பின்னால் உட்கார்ந்து நாகேந்திரன் டிரம்ஸ் அடிப்பான். நாகேந்திரன் மேனாம்பேட்டுக்காரன். தாத்தா நெல் போட்ட நிலமெல்லாம் ஃபிளாட்டாக மாறிவிட, மிஞ்சிய துண்டில் ஒரு ஷெட் போட்டு சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறான். இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் பிரியாணி தின்று வளர்ந்தவர்கள்.

மேடையில் எல்லாம் அடுத்தவர் பாட்டு. ஆன்டோவின் சொந்தப் பாட்டு மொட்டைமாடி அறையில் மட்டும்தான். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அந்த அறைக்குத் தண்டவாளத்தைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அவன் உள்ளே ரெக்கார்டிங் செய்யும்போது அருள்செல்வி வெளியே கைப்பிடிச் சுவரோரம் துணி உலர்த்திக்கொண்டு சிக்னலைப் பார்த்திருப்பாள். பச்சை விழுந்தால் அவள் கத்த வேண்டும். "யோவ்! வண்டி வர்துய்யா!" என்று அவள் குரல் கொடுத்தால் மூன்று ஸ்டேஷன் தள்ளிப் பட்டரைவாக்கத்தில் இருப்பவன்கூட ஒதுங்கிவிடுவான் என்று தெரு கிண்டல் செய்யும். அவள் கத்தியதும் ரயில் வரும். அந்தச் சத்தத்தில் அறைக்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே ஒன்றும் கேட்காது. ரயில் போனபின் எட்டிப் பார்த்தால் ஆன்டோ வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பான். ஜன்னல் வேறு திறந்து கிடக்கும், கிட்டார் மேலெல்லாம் தூசி.

"ஜன்னல சாத்திக்கினு வாசிச்சா இன்னாயா? வண்டி சத்தம் உள்ள வர்து இல்ல?" என்று எத்தனையோ தரம் சண்டை போட்டிருக்கிறாள்.

"புயுக்கமா கீதுடி" என்பான். அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டான். முடியாத பாட்டை யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது என்பது அவன் கொள்கை. முடிந்தது என்று அவன் எந்தப் பாட்டையும் சொன்னதே இல்லை.

போன வருடம் ஒரு காலை, லேத்துக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. அருள்செல்வியும் அந்த அறையும்தான் மிச்சம்.

அடக்கத்தன்று வேம்புலி அண்ணன் மனசார அழுதார். அழுதுவிட்டு, சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "எந்தப் பாட்டக் குடுத்தாலும் அச்சு அசலா வாசிப்பான்பா. ஆனா இன்னா, சொந்த சரக்குன்னு ஒண்ணும் இல்லாம பூட்டான்." நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அருள்செல்விக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு வருடமாக உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. வருட நினைவு நாளன்று இதே தெருவில், இதே வேம்புலியை முன்வரிசையில் உட்காரவைத்து, ஆன்டோவின் சொந்தப் பாட்டுகளைப் போட்டே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

ஆன்டோவின் தங்கை பெனிஷா நூம்பலில் குடியிருக்கிறாள், டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் வேலை. அவள்தான் அண்ணனுடைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். பாட்டுகள் இரண்டு ஃபோல்டரில் இருந்தன. ஒன்றில் ரயில் வராத சுத்தமான பாட்டுகள். இன்னொன்றுக்கு 'வண்டி' என்று பெயர், உள்ளே 'கூட்ஸ்', 'பால் வண்டி', 'பெரிய ஹாரன்' என்று எழுதி வைத்திருந்தான்.

"இது இன்னா அண்ணி?" என்று பெனிஷா கேட்டாள்.

"நடுவுல வண்டி வந்து கெட்டுப்போனது. எந்த வண்டி கெடுத்துச்சின்னு பேர் போட்டு வெச்சிகிறான் பாரு உங்க அண்ணன். அத்த தொடாத, ரிஜெக்டு."

அருள்செல்வி எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். ஒரு நூல் பிசிறு இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தூக்கிப் போடும் கை அது. அந்தக் கை சொன்னதைப் பெனிஷா மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாள். சுத்தமான பாட்டுகளை எடுத்து, இருமல், நாற்காலி கிறீச்சிடுவது, ஆன்டோ தனக்குத்தானே பேசிக்கொள்வது எல்லாவற்றையும் வெட்டி, பளிச்சென்று துடைத்துக் கொடுத்தாள். நினைவு நாள் சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் ஸ்பீக்கரிலும் யூடியூபிலும் ஒரே நேரத்தில் வெளியீடு என்று போஸ்டர்கூட ஒட்டியாகிவிட்டது.

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வில்லங்கமே. நன்றாக இருந்தது, அவ்வளவுதான். நினைவு நாளுக்கு முந்தின ராத்திரி நாகேந்திரன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஷோக்காத்தான் கீது தங்கச்சி. ஆனா இன்னாவோ கொறையுது. நம்ம மச்சான் இப்டி அடக்க ஒடுக்கமா வாசிக்க மாட்டானே." அருள்செல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேம்புலி நாளைக்குக் கேட்டுவிட்டு, பாவம் பையன், பரவாயில்லாமல் முயற்சி செய்திருக்கிறான் என்று சொல்வார். அதைவிடக் கேவலம் வேண்டுமா?

நினைவு நாள் காலையில் கல்லறைக்குப் போய் ஜெபம் முடித்து, பூ வைத்துவிட்டு வந்தாள். கீழே தெருவில் நாகேந்திரன் ஷாமியானாவுக்கு அடியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பெனிஷா சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அருள்செல்வி மாடி அறையைப் பெருக்கப் போனாள். போனவளுக்குத் திடீரென்று ஆன்டோ இருமுவதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. சும்மா அந்த இருமல். பெனிஷா துடைத்த பாட்டில் அது இல்லை. கெட்டுப்போன ரெக்கார்டிங்கில் இருக்குமே என்று 'பெரிய ஹாரன்' என்பதைத் தட்டினாள்.

இருமல் வந்தது. கண்ணீரும் கூடவே வந்தது. அப்புறம் நாற்காலி. அப்புறம் ஜன்னல் கொண்டியை எடுத்துவிடும் சத்தம். ஓ, திறந்து கிடந்தது இல்லையா, இவன்தான் திறந்திருக்கிறான், அதுவும் வாசிக்க ஆரம்பிக்கும் முன்னால்! அருள்செல்வி துடைப்பத்தைக் கீழே போட்டாள். கொஞ்ச நேரம் ஒரே கம்பியை மெல்ல மெல்ல மீட்டும் சத்தம் மட்டும், யாருக்கோ காத்திருப்பது போல. பிறகு தூரத்தில், காற்றில் கலைந்து, அவளுடைய குரலே வந்தது.

"யோவ்! வண்டி வர்துய்யா!"

"வா ராசா, வா வா" என்றான் ஆன்டோ. அவளிடம் இல்லை. ரயிலிடம்.

ஹாரன் அடித்தது. எக்ஸ்பிரஸ் வண்டியின் நீளமான ஹாரன். அது அடங்கும் முன்பே கிட்டார் அதே சுரத்தில் எழுந்து, ஹாரனின் வாலைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறியது. அடுத்து ஸ்டேஷன் பக்கத்துத் தண்டவாளப் பிரிவில் சக்கரங்கள் தடதடவென்று ஏற, அந்தத் தாளத்தின் மேல் ஆன்டோ வெறி பிடித்தவன் போல வாசித்தான். பெட்டிக்குப் பெட்டி வேகம், பெட்டிக்குப் பெட்டி ஒரு புது வரி. கடைசிப் பெட்டி கடந்து சத்தம் தேயத் தேய, கிட்டாரும் கூடவே தேய்ந்து, ஆவடிப் பக்கம் போய் மறைந்தது. பிறகு ஒரு பெருமூச்சு, ஒரு சிரிப்பு.

அருள்செல்விக்குத் தலைகால் புரியவில்லை. 'கூட்ஸ்' தட்டினாள். அதே ஜன்னல், அதே காத்திருப்பு, அதே அவள் குரல். கூட்ஸ் வண்டிக்குக் கனமாக, மெதுவாக, யானை மாதிரி ஒரு பாட்டு. 'பால் வண்டி' தட்டினாள். அதற்குக் குறும்பாக ஒரு துள்ளல். ஒன்றுகூடக் கெட்டுப்போனது இல்லை! அவள் இத்தனை வருடமாக நிறுத்து என்று கத்தியதாக நினைத்தாள். அவன் அதை ஆரம்பி என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அவள் குரல் இல்லாமல் ஒரு பாட்டும் தொடங்கவில்லை.

மாடிப்படியில் அவள் இறங்கவில்லை, உருண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். "நாகேந்திரண்ணா! பெனிஷா! ஓடியாங்க! ஐயோ, ஓடியாங்களேன்!"

யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். பெனிஷா கையில் காபி டம்ளர் அப்படியே இருந்தது. மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் முட்டிக்கொண்டு நின்று கேட்டார்கள். பெனிஷா முதல் ஹாரனிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். நாகேந்திரன் தொடையில் தாளம் போட ஆரம்பித்தவன், பாட்டு முடிந்ததும் சுவரில் ஒரு குத்து விட்டான். முட்டை அட்டை பொத்தலாகிவிட்டது.

"துரோகி! எனுக்கு பதுலா ரயில டிரம்ஸுக்கு வெச்சிகிறான் பாரு!" என்று கத்தினான். கண்ணில் நீர் வழிந்தது. "பக்கத்துலயே குந்திகினு இருந்தேன்மா. ஒரு வார்த்த சொன்னானா? மச்சான், டேய் மச்சான்!"

"அண்ணி, இதுதான் பாட்டு" என்றாள் பெனிஷா. "நாம ரெடி பண்ணது அவன் பிராக்டிஸ் பண்ணது. வண்டி வராதப்ப கைய பழக்கிகினு இருந்திருக்கான்."

"அப்ப இத்த போடு. அத்த எடுத்துடு."

பெனிஷா தயங்கினாள். "பொறுமையா யோசிங்க அண்ணி. இத்தினி இரைச்சலோட கேட்டா எல்லாருக்கும் புரியுமா? அது சுத்தமா இருக்கு, யாரும் குறை சொல்ல மாட்டாங்க. இது பிடிக்கலன்னா வேம்புலி அண்ணன் எல்லாரு முன்னாடியும் ஏதாவது சொல்லிடுவாரு. இன்னொரு வாட்டி அண்ணனுக்கு அந்தப் பேச்சு வேணாம்."

அது நியாயமான பயம்தான். அருள்செல்வி ஜன்னல் கொண்டியை எடுத்துவிட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரிஜெக்டுன்னு ஸ்டிக்கர் ஒட்னவ நான். கிழிக்கிறவளும் நான்தான். போடுடி!"

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் சோறு நினைவு வரவில்லை. பெனிஷா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை ஒரு இருமலைக்கூட வெட்டவில்லை. நாகேந்திரன் ஷெட்டுக்கு ஓடி, திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கும் பெரிய பேஸ் பெட்டிகளை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்தான். "வண்டி சத்தம் நெஞ்சுல எறங்கணும்" என்று சொல்லிச் சொல்லி ஒயரை இழுத்தான். அருள்செல்வி மாடிக்கும் தெருவுக்குமாக ஏறி இறங்கினாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் ஏறி இறங்கினாள். ஆறரை மணிக்கு பெனிஷா மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிக் கட்டைவிரலைக் காட்டியபோது தெருவில் நாற்காலி நிறைந்துவிட்டிருந்தது. லேத் கம்பெனி ஆட்கள், பாடகர் குழு, ஆயர், ஆர்கெஸ்ட்ரா கூட்டாளிகள், அக்கம்பக்கம் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முன்வரிசை நடுவில், வெள்ளைச் சட்டையில் வேம்புலி.

ஏழு மணிக்கு நாகேந்திரன் மைக்கைப் பிடித்து, "இது நம்ம ஆன்டோ சொந்தமா போட்ட பாட்டு. கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினான்.

ஸ்பீக்கரில் ஒரு இருமல். கூட்டம் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. ஜன்னல் திறந்தது. பின்வரிசையில் ஒருவர் டீ கேட்டார். ஒற்றைக் கம்பி மெல்ல ஒலித்தது, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வேம்புலி பக்கத்து ஆளிடம் சாய்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஓரமாக நின்ற அருள்செல்வி அவர் வாயையே பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு, பெனிஷா சொன்னபடியே ஆகிவிட்டது என்று நினைத்தாள்.

"ஆன்டோ நல்ல பையன்தான், ஆனா சொந்தமா..." என்று வேம்புலி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்பீக்கரில் அவள் குரல் தெருவையே பிளந்தது.

"யோவ்! வண்டி வர்துய்யா!"

ஹாரன் அடித்தது.

தெரு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. யாரும் யோசித்துச் செய்யவில்லை. பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், ரயில் வந்தால் பேச்சு நிற்க வேண்டும், நின்றது. சொல்லிக்கொண்டிருந்த சொல் அந்தந்த வாயிலேயே நின்றது. டீ கேட்டவர் டம்ளரை நீட்டியபடி நின்றார். ஐந்தாறு பேர் தண்டவாளத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், அங்கே ரயில் இல்லை. அந்த நிசப்தத்துக்குள் ஆன்டோவின் கிட்டார் ஹாரனைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

சக்கரம் தடதடத்தது. பேஸ் பெட்டியின் அதிர்வில் நாற்காலிகள் நகர்ந்தன. ஆயர் எழுந்து நின்றுவிட்டார், இந்த முறை கையில் குறிப்பு இல்லை, கைத்தட்டல்தான் இருந்தது. லேத் கம்பெனிக்காரர்கள் விசில் அடித்தார்கள். தெருக்காரர்கள் காலம் முழுக்க இரைச்சல் என்று சபித்த ரயில் அவர்கள் கண்முன்னாலேயே பாட்டாக மாறிக்கொண்டிருந்தது. எங்க வண்டிடா இது, எங்க வண்டி என்று யாரோ கத்தினார்கள். அருள்செல்வி அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பாட்டு தேய்ந்து முடிந்தபோது வேம்புலி விட்ட இடத்திலிருந்து எடுக்கவில்லை. தெருச் சட்டத்தை அன்றைக்கு மீறியவர் அவர் ஒருவர்தான். எழுந்து வந்து அருள்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பக்கத்துலயே நின்னுகினு இருந்தானேம்மா. இத்த மனசுல வெச்சிகினா அம்மன் பாட்டு வாசிச்சான்?" என்றார். "அந்த கொரலு யாரும்மா? ஒருத்தி கூப்புட்டாளே."

"நான்தாண்ணா."

"நீ கூப்புட்டாத்தான் அவன் கெளம்பறான்."

'கூட்ஸ்' போட்டார்கள், 'பால் வண்டி' போட்டார்கள். ஒவ்வொன்றிலும் அவள் குரல் வரும்போது கூட்டமும் சேர்ந்து கத்தியது. யூடியூபில் யார் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் இதயம் இதயமாக அனுப்பிக்கொண்டிருப்பதாகப் பெனிஷா மாடியிலிருந்து கத்தினாள். எல்லாம் முடிந்ததும் கூட்டம் கலையவில்லை. 'பெரிய ஹாரன்' இன்னொரு தடவை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது.

நாகேந்திரன் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். "இந்த வாட்டி நானும் மச்சான்கூட வாசிக்கிறேன்" என்று உட்கார்ந்துகொண்டான். மாடியைப் பார்த்து, "பெனிஷா, தங்கச்சி கொரலு வரைக்கும் ஓட்டி வுட்டு, அதுக்கு அடுத்ததுலருந்து ரெடியா வெய்யி. இந்த வாட்டி தங்கச்சியே கூப்புடட்டும்" என்றான். பிறகு குச்சியைத் தூக்கியபடி அருள்செல்வியைப் பார்த்தான். தெரு அவளைப் பார்த்தது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஷாமியானாவை விட்டு வெளியே வந்து, தெருக்கோடியில் சிவப்பாக நின்ற சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தவள். கூட்டமும் அவளோடு காத்திருந்தது.

பச்சை விழுந்தது.

அருள்செல்வி அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்.

"யோவ்! வண்டி வர்துய்யா!"